ஆற்றில் போட்ட பொன்

தமிழ்நாட்டில் ஏழையாக இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஏழை என்று எழுதி வாங்குவதுதான் பாடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு இந்தக் கோடு 72,000 ரூபாயில் இருந்தது. 2022-இல் மேலே தூக்கிப் போட்டார்கள். பெரிய மனசு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26-க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அரசே அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அதே கூலிக்கு ஆளுக்கு 180 நாள் எங்காவது உழைத்தால் 1,20,960 ரூபாய் ஆகிறது. தீர்ந்தது, பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மீதி ஆறு மாதம் இருவரும் திண்ணையில் படுத்தே கிடந்தாலும் 960 ரூபாய் அளவுக்குப் பணக்காரர்கள்தான்.

ஆக, காப்பீடு வேண்டுமென்றால் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் பொய் சொல்ல வேண்டும். சனங்கள் பொய்யைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்? கேட்பவருக்கும் தெரியும், எழுதுபவருக்கும் தெரியும், முத்திரை குத்துபவருக்கும் தெரியும். வருமானச் சான்றிதழைப் போல இத்தனை பிரதி போன புனைகதை தமிழில் வேறு கிடையாது. உயிர் பிழைக்க வந்தவனிடம் முதலில் ஒரு பொய்யை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அவன் முறைகேடாகச் சேர்ந்துவிட்டான் என்று தணிக்கையில் குறிப்பு எழுதும் அரசுக்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் காப்பீடு எப்போது கைகொடுக்கிறது என்று பார்க்க ஓர் ஊருக்குப் போவோம். கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்கு வழி காட்டியது. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, தொழிலைக் கற்றுக்கொடுக்க அரசுப் பயிலகமும் இருக்கிறது. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் உள்ள பியூஸ் கேரியரோ, கொலுப்படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையோ இங்கே சூளையேறி வந்ததாக இருக்கலாம். பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது, குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் மாவாக அரைத்துச் சேர்க்க வேண்டும். குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. மூட்டையைக் கொட்டும்போது பறக்கும், அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த சரக்கில் பிசிறு சீவும்போது பறக்கும், சாயங்காலம் தரையைக் கூட்டும்போதும் பறக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் வடுவாக இறுகி, மூச்சை அடைக்கும். அதுதான் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அது காசநோயையும் கூட்டி வரும். பல நேரம் எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிந்து டாக்டரையும் ஏமாற்றும்.

பிசிறு சீவுகிற ஓர் அக்காவை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கைரேகை தேய்ந்தவர் என்பது போதும். முதலில் இருமல் வரும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டில் டானிக் வாங்குவார். அதற்குக் காப்பீட்டுக் கார்டு செல்லாது. அடுத்து மூச்சு வாங்கும். டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, இன்ஹேலர், எதற்கும் கார்டு செல்லாது. "கார்டுக்கு அஞ்சு லட்சம்னு போட்டிருக்குங்களே?" என்று கேட்டால் கவுன்ட்டரில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "அட்மிஷன் போட்டாத்தாம்மா கார்டு." டயாலிசிஸ், கீமோ மாதிரி சிலவற்றை விட்டால், படுத்தால்தான் பணம். அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு, ஓ.பி. சீட்டு வாங்க நிற்கும் மணிக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் இருமலைத் தள்ளிப்போடுவார். நுரையீரல் முக்கால்வாசி போன பிறகு, ஒரு நாள் ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, காப்பீடு கண் விழிக்கும். ஐந்து லட்சம் தர அப்போது அரசு தயார். ஐந்நூறு ரூபாயில் கண்டுபிடித்திருக்கக்கூடிய கட்டத்தில் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லையாம்.

மருந்து வீடு தேடி வருகிறதே என்பார்கள். வருகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வாசலில் நிற்கிறது. நல்ல காரியம். தூசி அவ்வளவு சிரமப்பட்டு யாரையும் தேடி வருவதில்லை, வேலை செய்யும் இடத்திலேயே காத்திருக்கிறது.

சீர்திருத்தம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெயரில் நடந்துகொண்டேயிருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் வந்தது: நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம், நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2011-இல் ஆட்சி மாறியது, திட்டத்துக்கும் பாடை கட்டினார்கள். 2012 ஜனவரியில் முதலமைச்சர் பெயரில் மறுபிறவி: ஆண்டுக்கு ஒரு லட்சம், பொதுத்துறை யுனைடெட் இந்தியா. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் தம் பெயரில் ஒன்றைத் தொடங்க, இரண்டையும் ஒட்டவைத்து ஐந்து லட்சம் ஆக்கினார்கள். கார்டில் யார் பெயர், யார் படம் என்பதற்கு நடந்த சண்டையில் காலே அரைக்கால் வீதம், அதில் எந்த நோய், எந்தக் கட்டம் என்பதற்கு நடந்திருந்தால் போதும். இந்தத் திட்டத்தால் காது கேட்ட குழந்தைகள் இருக்கிறார்கள், இதயம் திருத்தப்பட்டு வீடு திரும்பிய கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். அதை இல்லையென்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அறுவை சிகிச்சையைப் படம் பிடிக்கலாம், ரிப்பன் வெட்டலாம். தூசி உறிஞ்சும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னால் நின்று எந்த அமைச்சரும் போஸ் கொடுத்ததில்லை.

திருமுதுகுன்றம் என்பது விருத்தாசலத்தின் பழைய பெயர். தேவாரம் பாடிய சுந்தரர் வந்தபோது இவ்வூர்ச் சிவனான பழமலைநாதர் 12,000 பொன் கொடுத்தாராம். கொண்டுபோவது சிரமம், அதனால் மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றாராம். கேஷ்லெஸ் வசதி அன்றே இந்த ஊரில் இருந்திருக்கிறது. சுந்தரர் விவரமானவர், தரம் குறைந்தால் கண்டுபிடிக்க அந்தப் பொன்னில் ஒரு மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழியை ஊரெல்லாம் கேலிக்குச் சொல்கிறது. நம் அரசு மட்டும் அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 2022 ஜனவரியில் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு 849 ரூபாய் பிரீமியம். 1.37 கோடிக் குடும்பங்கள் என்றால் வருஷத்துக்கு 1,100 கோடிக்கு மேல் ஆற்றில் விழுகிறது. குளத்தில் தேடும் வேலை நமக்கு. சுந்தரருக்குக் கிடைத்தது, ஏனென்றால் அவர் தம்பிரான் தோழர். நமக்காக மாற்று உரைத்துப் பார்க்கக் குளக்கரையில் உட்கார்ந்திருப்பவர் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. அவர் உரசிப் பார்த்துவிட்டு, "இது பேக்கேஜ்ல வராதுங்க" என்று உதட்டைப் பிதுக்குகிறார்.

எல்லோருக்கும் அப்படிப் பிதுக்குவதில்லை. பிரதமர் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2023 அறிக்கையைப் படித்தால் மனசு குளிரும். 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள். தமிழ்நாட்டில் வெறும் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். நாடு முழுக்க, கணினியில் இறந்ததாகக் காட்டப்பட்ட 3,446 பேருக்கு அதற்குப் பிறகும் சிகிச்சை அளித்ததாக 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருக்கிறது. செத்தவர்கள் அட்மிஷன் போட்டுப் படுத்துவிடுகிறார்கள், அது அவர்களுக்குச் சுலபம். உயிரோடு இருமுகிறவர்தான் விரல் ரேகை பதியவில்லை என்று திரும்ப அனுப்பப்படுகிறார்.

இவ்வளவுக்கும், இருமலின் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளும் காப்பீட்டுக்கு இந்த நாட்டில் 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. அது தொழிலாளர் அரசுக் காப்பீடு, சுருக்கமாக ஈ.எஸ்.ஐ. அதில் படுக்க வேண்டியதில்லை, நடந்தே போய் மருந்து வாங்கலாம். நோயால் வேலைக்குப் போகாவிட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. தொழிலால் வந்த நோய் என்றால் ஊனத் தொகை, இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25. ஏழை என்று யார் காலிலும் விழ வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை, பட்டறையில் பத்துப் பேர் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தியச் சிறுதொழிலின் பதிவேடுகள் ஒன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் நிற்கின்றன. பத்தாவது ஆள் மூட்டை தூக்குவார், மண் குழைப்பார், இருமுவார். கணக்கில் மட்டும் வர மாட்டார்.

சிலிகோசிஸ் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அதைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89-வது பிரிவு சொன்னது. தெரிவிக்காவிட்டால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். நுரையீரலின் மதிப்பை அரசு முறையாக நிர்ணயித்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அபாயத் தொழில்களின் அட்டவணையில் 'கண்ணாடியும் பீங்கானும்' என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். ராஜஸ்தான் 2019-இல் இதற்கென்றே கொள்கை வகுத்தது: நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம். அங்கே நோய்க்குப் பெயர் கிடைத்தது. நாம் காப்பீட்டுக்குப் பெயர் வைப்பதிலேயே களைத்துப் போனோம்.

2025 நவம்பரில் தொழிலாளர் சட்டங்களின் சீர்திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. முன்பு மின்சாரம் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இனி இருபது பேர் வேண்டும். தொழிற்சாலை ஆகாமலிருக்கப் பத்தாவது ஆளை ஒளித்து வைக்கும் சிரமம்கூட இல்லை, பத்தொன்பது பேரும் தைரியமாக வெளிச்சத்தில் நின்று தூசி சாப்பிடலாம்.

அதே சீர்திருத்தத்தில், கை தவறி விழுந்தது போல, ஒரு வரி உண்டு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடத்தில் ஒரே ஓர் ஆள் வேலை பார்த்தாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு. இதற்கு முகாம் வேண்டாம், பந்தல் வேண்டாம், வருமானச் சான்றிதழ் வேண்டாம், கார்டு வாங்கக் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு நெய்வேலி, வடலூர் வழியாகப் பஸ் ஏற வேண்டாம். டெல்லியில் ஓர் அதிகாரி, 'பீங்கான் பட்டறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடலூர் மாவட்டத்திலிருந்து ஓட்டு வாங்கிப் போகிறவர்கள் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கி வரட்டும். அதன்மேல் யார் படம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.