எத்தனை பேர் தூக்கணும்?

தூண்டில் போடப் போவதற்கு எந்த வண்டி தோது என்று தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பதினைந்து பதில் சொல்வார்கள். அதில் பாதிப் பேரிடம் வண்டி இருக்காது. மீதிப் பேருக்குத் தூண்டில் முள்ளில் புழு கோக்கத் தெரியாது. வண்டியும் வைத்துக்கொண்டு மீனும் பிடிக்கிற ஆள் வாயைத் திறக்கவே மாட்டார். விரால் கிடக்கிற இடம் வெளியே தெரிந்துவிடுமே!

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் ஊரின் அமைப்பு அதைப் பெரிதாக்கிவிடுகிறது. தஞ்சாவூரில் டவுன் பஸ் ஏறித் திருவையாற்றில் இறங்குவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறோம். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மூன்று ஆறு போயிருக்கும். ஒவ்வொரு ஆற்றிலிருந்தும் வாய்க்கால் பிரிகிறது, வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால். அரசாங்கக் கணக்கில் இவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்பு உண்டு. மீனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. ஏ வாய்க்காலில் தார் ரோட்டை ஒட்டி நிற்க வேண்டிய கெண்டை, போக வழியே இல்லாத டி வாய்க்காலின் கடைசி மதகடியில் போய் நிற்கும்.

வழி என்று சொல்வது கரையைத்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. மீன் இருக்கிற காலமும் கரை ஊறிக் கிடக்கிற காலமும் ஒன்றே. கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே களிமண், தண்ணீர் பட்டதும் ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த உளுந்து மாதிரி ஆகிவிடும். மேலே அறுகம்புல் பச்சையாக, கெட்டியாகத் தெரியும். அதை நம்பித்தான் ஆள்கள் கெட்டுப்போகிறார்கள்.

முதலில் சைக்கிள். ஹெர்குலிஸோ அட்லஸோ, பின்னால் கனமான கேரியர், பாரில் கட்டிய மூங்கில் கழி, ஹேண்டிலில் மாட்டிய தூக்குவாளி. என் பெரியப்பா காலம் முழுக்க இதில்தான் போனார். வரப்பில் உருட்டலாம், மதகைத் தாண்டத் தோளில் போட்டுக்கொள்ளலாம், சத்தமே கிடையாது. கரையில் மிதி அதிர்ந்தாலே விராலுக்குத் தெரிந்துவிடும் என்பதால் இது பெரிய விஷயம். சைக்கிளில் ஒரே குறை, மிதிக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் அது ஆளை வீட்டிலேயே உட்கார்ந்து மீன் குழம்பைப் பற்றிப் பேச வைத்துவிடுகிறது.

ஸ்கூட்டர் ரோட்டுக்குப் பிறந்தது. அதன் குட்டிச் சக்கரம் நண்டு வளையில் இறங்கினாலே பிரச்சினை. ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு சக்கரமும் இழுக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். இழுக்கும்தான். நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் வைக்கக் கரையில் இடம் வேண்டுமே! இரண்டு கரையில், இரண்டு ஆகாயத்தாமரையில் என்று ஓட்ட முடியாது. சேற்றுக்கு ராஜா, கேஜ் வீல் மாட்டிய டிராக்டர். அது போகாத வயல் இல்லை. தார் ரோட்டில் மட்டும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ரோடு உழுத வயலாகிவிடும். அது கிளம்புகிற சத்தத்துக்கு விரால் அடுத்த தாலுகாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகு புல்லட். நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். சுமார் 190 கிலோ. அதில் போய் இறங்கினால் மீனே மரியாதையாக வந்து கடிக்கும் என்பது அவர் எண்ணம். ஒரு கார்த்திகை மாதம் வெட்டாற்றுக் கரையில் அவர் பின்னால் நானும் உட்கார்ந்து போனேன். மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, புல் மேலே ஏறியதும் வண்டி நின்றது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துக்கொண்டு இறுகிப்போயிருந்தது. காட்டாமணக்குக் குச்சியை ஒடித்து நோண்டினார், குச்சி முறிந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினார், பின் சக்கரம் அச்சு வரை இறங்கியது. ஸ்டாண்ட் போடாமலே வண்டி நேராக நின்றது. அந்த ஒரு வசதியை மறுக்க முடியாது.

நடவு வயலிலிருந்தும் மாடு மேய்க்கிற இடத்திலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை ஏங்க இங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விக்கு நண்பரிடம் பதில் இல்லை. 'ஏலேலோ' போட்டுத் தூக்கினார்கள். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. ஆனால் பார்வை தூக்குவாளி மேல் இருந்தது. அன்று அதில் இருந்தது நாலு ஜிலேபிக் கெண்டையும் ஒரு சின்னக் குரவையும். கெண்டை ஆளுக்கு ஒன்று போயிற்று. குரவையை நண்பர் வெட்கப்பட்டுக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

அங்கேதான் எனக்குக் கணக்கு புரிந்தது. போகிற வேகம், இழுக்கிற திறன், மைலேஜ் எல்லாம் அப்புறம். மாட்டிக்கொண்டால் எத்தனை பேர் தூக்கணும் என்பதுதான் கேள்வி. வண்டியின் எடை ஏற ஏற, வீட்டுக்கு வந்து சேரும் மீனின் எடை குறைகிறது.

இந்தக் கணக்கில் ஜெயிப்பது நம் எக்ஸ்எல். 1980-ல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வந்தபோது, இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் என்பதுதான் அதன் பெருமை. டெல்டாவில் அதை 'குறைந்தது இரண்டு பேர்' என்று புரிந்துகொண்டார்கள். அதன் வாரிசான எக்ஸ்எல் 100, நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோடு 2015-ல் வந்தது. எடை 90 கிலோவுக்குள். சக்கரம் 16 அங்குலம், ஒல்லி. சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கியர், கிளட்ச் பிடுங்கல் இல்லை, அதனால் இடது கை தூண்டில் கழியைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் காலுக்கிடையே உர மூட்டை வைக்கிற இடத்தில் மீன் கூடை வைக்கலாம். மாட்டிக்கொண்டால் நான் ஒரு பக்கம், மாடு மேய்க்கிற தம்பி ஒரு பக்கம். கூலி ஒரே ஒரு கெண்டை.

இதை நான் டெல்டாவுக்கு மட்டுமான சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். போன தை மாதம் கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். அங்கே சிம்கோ ஏரி உறைந்ததும் அதன்மேல் ஏறி, துளை போட்டு மீன் பிடிக்கிறார்களாம்.

"அத்தான், ஸ்னோமொபைல் வாங்கவா, நாலு சக்கர ஏடிவி வாங்கவா?"

வேட்டியை மடித்துக் கட்டி வெண்ணாற்றங்கரையில் நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் கரை கரைதான். "பனிக்கட்டி எவ்வளவு கனம் மாப்ள?" என்றேன்.

அவன் எல்லாம் படித்து வைத்திருந்தான். அமெரிக்காவில் மினசோட்டா மாநில அரசு அட்டவணையே போட்டிருக்கிறதாம். புதிதாக உறைந்த தெளிவான கட்டி என்றால் ஆள் நடக்க 4 அங்குலம், ஸ்னோமொபைலுக்கும் ஏடிவிக்கும் 5 முதல் 7, சின்னக் காருக்கு 9 முதல் 10, பிக்கப் லாரிக்கு ஒரு அடிக்கு மேல். வெள்ளையாகத் தெரிகிற கட்டி என்றால் இதெல்லாம் இரட்டிப்பாக வேண்டும். பனியில் கார் ஓட்டுகிறவர்கள் சீட் பெல்ட் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். இறங்கிவிட்டால் நீந்தி வெளியே வரத்தான். நம்மூரில் பெல்ட் போடாததற்கு யாரும் சொல்லாத காரணம் இது.

பனியில் ஓடுகிற வண்டிகளின் கதையையும் சொன்னான். கனடாவிலேயே கியூபெக்கில் வால்கோர்ட் என்ற ஊரில் பொம்பார்டியர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். 1942-ல் பனியில் ஓடப் பன்னிரண்டு பேர் உட்காருகிற 'பி12' வண்டியை விற்க ஆரம்பித்தார். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல் பட்டை. 1959-ல் அவரே ஒன்றிரண்டு பேருக்கான 'ஸ்கி-டூ'வைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பொம்பார்டியர் வண்டிகளில் இன்னமும் ஆள் ஏற்றி, ஏரிமேல் இருக்கிற மீன்பிடிக் குடிசை வரை கொண்டு விடுகிறவர்கள் இருக்கிறார்களாம். பனிக்கு ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மாட்டிக்கிட்டா யார் தூக்குவா?" என்று கேட்டேன்.

"தூக்குறதா? அடியில போயிடும் அத்தான். முக்குளிக்கிற கம்பெனிக்காரன் வந்து எடுக்கணும். மினசோட்டாவுல முப்பது நாளுக்குள்ள எடுத்தாகணும்னு சட்டமே இருக்கு. செலவு வண்டிக்காரனோடது, ஆயிரக்கணக்குல டாலர்."

"அப்ப எதையும் வாங்காத. ஷேர் ஆட்டோவுலயே போ."

"அத்தான், அது சொந்த வண்டியில போற மாதிரி வருமா? கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

புல்லட் நண்பரின் குரல் அப்படியே கேட்டது. இனி சொல்லிப் பயனில்லை.

"சரி, வாங்கு. வாங்குறதுக்கு முன்னாடி அந்த முக்குளிக்கிற கம்பெனிக்காரனுக்கு ஒரு போன் போட்டு, கூலிக்கு ரெண்டு கெண்டை வாங்கிக்குவானான்னு மட்டும் கேட்டுக்க."