பிலாப் பொந்தும் மேனேஜர் போனும்

எலேய் மக்கா, போன் கிணுங்குனதும் மோறை ஏன் இப்படி வெளிறுது? மேனேஜர்தானா? நான் விளையில காட்டுப்பன்னி எறங்கிட்டோன்னு கம்பைத் தேடிட்டேன். சாயாவைக் குடி. எறங்காதுல்லா? வாயி ஒணங்கி, வயிறு வேலையை நிறுத்திக் கெடக்கு.

வெக்கப்படாதே, ராசாவுக்கும் இதே கதைதான். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளப்புல அம்மச்சிப் பிலா நிக்குதே, பொந்து விழுந்த மரம். திருவிதாங்கூர் ராசா மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருததுக்கு முன்ன, அவரை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் ஆளுவ கொல்லத் தொரத்த, அதுக்குள்ள பதுங்கித் தப்பிச்சாருன்னு நம்ம பக்கத்துல சொல்லுவாவ. அன்னைக்கு அவரு உடம்புக்குள்ள என்ன நடந்திருக்கும்? மூளைக்குள்ள ஆபத்து மணி அடிக்கும். கிட்னி ரெண்டுக்கும் தொப்பி வச்சாப்புல ரெண்டு சுரப்பி உண்டு. அது அட்ரினலினை ரத்தத்துல கலக்கும். நெஞ்சு படபடங்கும். ஈரல் சேத்து வச்ச சக்கரையை அவுத்து விடும். ரத்தம் கொடலை விட்டுட்டுத் தொடைக்குப் பாயும். கண்மணி விரியும், உள்ளங்கை வேர்க்கும். எதுக்கு? ஒண்ணு மல்லுக்கட்டு, இல்லேன்னா ஓட்டம். ரெண்டும் நடக்காதுன்னா அசையாம பதுங்குதது. ஹார்வர்டுல வால்டர் கேனன்னு ஒருத்தரு 1915-ல இதைப் பத்திப் புஸ்தகமே போட்டாரு. நம்ம ராசா அதுக்கு எத்தனையோ காலம் முன்னாலயே பொந்துக்குள்ள நின்னு பரீட்சை எழுதியாச்சு.

ஆனா அவரு ஓடி முடிச்சுல்லா ஒளிஞ்சாரு! நீ அதே சக்கரை, அதே படபடப்பு அம்புட்டையும் ஏத்தி வச்சுக்கிட்டு, பிளாஸ்டிக் நாக்காலியில குந்தி "ஓகே சார்"னு தட்டுத. தட்டி முடிச்சு அடுக்களைக்குப் போயி, மீன்கறியில புளி போதாதுன்னு அம்மைமேல சாடுத. மேனேஜருக்கு ஓகே, அம்மைக்கு யுத்தம்! நல்ல வீரன்டே நீ. நேத்து ராத்திரி தென்னம்பாளை விழுந்த சத்தத்துக்குக் கட்டில்ல எழும்பி இருந்தியே, அதுவும் இதுதான். அந்த ஆபத்து மணி நாள் முழுக்க அடிச்சா, கார்டிசால்ங்குத பதட்டச் சுரப்பு எறங்காது. உறக்கம் போவும், பிரஷர் ஏறும், புத்தி ஒரே எடத்துல சுத்தும்.

பொந்துல பதுங்குன அதே ஆளுதான் 1741-ல குளச்சல்ல டச்சுக்காரனை முட்டுக்குத்த வச்சாரு. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயைக் கொல்லாம தன் பட்டாளத்துக்கே ஆசானாக்குனாரு. படபடப்புல அப்படி யோசிக்க முடியுமாடே? நீயும் பதிலை இப்பவே தட்டாதே.

எழும்பு. போனைப் போட்டுட்டு ரப்பர் விளையை வேகமா ரெண்டு சுத்து சுத்து. ஏறுன சக்கரை காலுக்குப் போவட்டு. பொறவு மூச்சை இழுத்ததைவிட நீளமா, பைய வெளிய விடு. வேகஸ் நரம்பு நெஞ்சடிப்பை எறக்கித் தரும். சும்மா இருக்கும்போதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே கெடந்தா பாட்டா பேச்சை விட்டுட்டு ஆசுபத்திரிக்குப் போ. இப்ப நடக்கும்போ முக்குக் கடையில எனக்கு வெத்தில வாங்கிட்டு வா. பயம் இன்னும் மிச்சமிருந்தா இன்னொரு சுத்து போயி பாக்கும் வாங்கு.