ஊருக்கு ஒரு ஃபில்டர்காரர்

செஞ்சியில் யாரிடம் விலாசம் கேட்டாலும் கோட்டைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் அடையாளம் மாறிவிடும். "கொல்லையில மோட்டார் ஓடுற சத்தம் கேக்கும் பாருங்க, மீன் வாத்தியார் வீடு. அதுலேர்ந்து மூணாவது."

வாத்தியார் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். ஆனால் அவரைத் தனி ஆளாக நினைக்கக் கூடாது. அவர் ஓர் இனம். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் கொல்லையில் துவைகல்லைப் பெயர்த்து, அந்த இடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, சென்னை கொளத்தூர் வரை போய், ஆக்சிஜன் அடைத்த பையில் கோய் மீன்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் இனம். ஊருக்கு ஒருவராவது தேறுவார். எல்லாரும் மீன்காரராகத்தான் ஆரம்பிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் ஃபில்டர்காரர் ஆகிவிடுவார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. "மீன் எத்தனை சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "எட்டோ ஒம்போதோ இருக்கும்" என்பார். ஃபில்டர் டிரம்முக்குள் பயோ பால் என்கிற பிளாஸ்டிக் உருண்டைகள் எத்தனை என்று கேட்டால், "நானூத்தி இருவது. அதுல ரெண்டு லேசா விரிசல்" என்று பட்டென்று பதில் வரும்.

பார்க்கப்போனால் ஃபில்டர் என்பது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அடியில் வண்டல் தங்க இடம், அதன்மேல் பிரஷ், அதன்மேல் ஸ்பாஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே பயோ பால். தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் மோட்டார் அழுக்குத் தண்ணீரை டிரம்மின் அடிக்கு அனுப்பும். அது வடிந்து வடிந்து மேலேறி, குழாய் வழியே தொட்டியில் திரும்ப விழும். "நம்ம கோட்டைக் கல்யாண மகால்ல அந்தக் காலத்துலயே மண்குழாய் வச்சு மாடிக்குத் தண்ணி ஏத்துனானாம். நம்மளுதும் அதே டெக்னிக்தான்" என்பார் வாத்தியார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான் என்று பேப்பரில் படித்துவிட்டு, இதுவரை கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டுமே வந்த சொந்தக்காரர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். வாத்தியார் எல்லாரையும் உற்சாகமாக அழைத்துப் போனார், கொல்லைக்கு. "கோட்டை எங்கியும் ஓடிடாது. இன்னிக்கு டிரம் வாஷ். அதைப் பாத்துட்டுப் போங்க."

முதல் வருடம் அவர் கண்ட ஒரே எதிரி பாசி. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க 1690இல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான். 1698இல் கோட்டை கிடைத்தது, ராஜாராம் தப்பிவிட்டார். வாத்தியாரின் போரும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தது. வாரம் தவறாமல் டிரம்மைக் கவிழ்த்து, ஸ்பாஞ்சைப் பேரூராட்சிக் குழாயடியில் வைத்துத் துவைத்துப் பிழிந்து, பயோ பாலை ஒவ்வொன்றாகப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைத்தார். டிரம் கடையில் வாங்கின அன்றுகூட அப்படி மின்னியதில்லை. மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

கொளத்தூர் கடைக்காரர் போனில் விளக்கினார். மீன் செவுள் வழியாக அமோனியாவைக் கழிக்கிறது. அது மீனுக்கே விஷம். ஸ்பாஞ்சிலும் பயோ பாலிலும் ஒட்டிக்கொண்டு வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவாகக் கெடுக்காது. இந்தக் கூட்டம் புது டிரம்மில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதை நொடியில் காலி செய்துவிடும்.

வாத்தியாருக்கு அமோனியா புரிந்தது, நைட்ரேட் புரிந்தது, அழுக்கை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை. அடுப்படியிலிருந்து வீட்டம்மா முடித்துவைத்தார்: "தயிர்ச்சட்டியைச் சுத்தமா கழுவிக் கவுத்துட்டா நாளைக்கு உறை ஊத்த எங்க போவீங்க?"

அன்றோடு மதம் மாறினார். இப்போது ஒரு வாரம் பாதி ஸ்பாஞ்சு, இரண்டு வாரம் விட்டு மறுபாதி. பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அதில் இரண்டு அமுக்கு. பயோ பாலை யாரும் தொடக் கூடாது. தண்ணீர் பச்சையானால் டிரம்மை அடிப்பதில்லை. தீனியைக் குறைத்து, மேலே நிழல்வலை கட்டுகிறார். அடிவால்வைத் திறந்தால் வரும் கருப்புத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. அந்த வாழை போட்ட தாரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு வந்து, "சார், அடுத்த வாட்டி நமக்கும் ஒரு கொடம்" என்று முன்பதிவு செய்துவிட்டுப் போகிறார்.

இந்த இனத்தால் தெருவுக்கும் நன்மை உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தம் என்ற அறிவிப்பு எந்த மூலையில் வந்தாலும் வாத்தியார் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டம் நின்றால் மூடிய டிரம்முக்குள் ஆக்சிஜன் தீரும், பாக்டீரியா சாகும். அதற்காகவே இன்வெர்ட்டர் வாங்கினார். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது கரண்ட் போய், மோட்டார் ஓடியது, மின்விசிறி ஓடவில்லை. "பெரியவங்க விசிறிக்குவாங்க. பாக்டீரியாவுக்குக் கை ஏது?" என்று கேட்டவர் வாத்தியார்தான்.

கோயின் பூர்வீகமும் அவருக்கு அத்துப்படி. ஜப்பானில் நீகாட்டா மலைக்கிராமங்களில் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டையில் நிறம் காட்டியவற்றைப் பிரித்தெடுத்து உருவாக்கிய மீன். 1914இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகுதான் பெயர் பரவியது. வீட்டம்மா இதையும் ஒரு வரியில் சுருக்கிவிட்டார்: "ஆக, கொழம்பு மீனுதான்."

ஹனாகோ என்ற கோய் 1977இல் செத்தபோது அதற்கு 226 வயது என்று சொல்லப்பட்டதாக ஒருநாள் வாத்தியார் பெருமையாக ஆரம்பித்தார். வீட்டம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "அப்ப நமக்கப்புறம் இதை யாரு கழுவுறது?"

வேடிக்கையாகச் சொன்னது வாத்தியார் மனதில் ஊறிவிட்டது. போன தையில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். திண்டிவனம் பக்கம், நல்ல குடும்பம், பத்துக்கு எட்டுப் பொருத்தம். காபி குடித்து முடித்ததும் வாத்தியார் நாற்காலியை மாப்பிள்ளைப் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, ஸ்பாஞ்சை எந்தத் தண்ணியில கழுவுவீங்க?"

பையன் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தான். பிறகு பணிவாக, "கொழாத் தண்ணியிலதாங்க மாமா" என்றான்.

வாத்தியார் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.