நடு ஊரில் ஒரு வாடகை வீடு

கேள்வி: அரசும் கட்டுமான நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து ஊருக்குள் வாடகைக் குடியிருப்பு கட்டினால், எங்களைப் போன்ற ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கு விடிவு உண்டா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: யோசனை புதிதல்ல. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் போனதைப் பார்த்த பிறகு, அவர்களுக்கு நகரத்தில் வீடே இல்லை என்பது டெல்லிக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே மத்திய அரசின் வாடகைக் குடியிருப்புத் திட்டம் வந்துவிட்டது. காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளைத் தனியார் 25 ஆண்டு வாடகைக்கு விட்டு நடத்தலாம். சொந்த நிலத்திலும் கட்டலாம். சிக்கல் இரண்டாவதில்தான். பஜார் ஓரம் நிலம் வைத்திருப்பவர் கல்யாண மண்டபம் கட்டுவாரா, உங்களுக்குக் குடியிருப்பு கட்டுவாரா?

அரசே கட்டிய உதாரணமும் உண்டு. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 18,720 படுக்கைகளோடு சிப்காட்டின் தொழிலாளர் விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. அங்கே ஃபாக்ஸ்கான் என்ற ஒற்றைப் பெரிய முதலாளி இருந்ததால் காரியம் சுலபம். உங்கள் பக்கம் கம்பெனிகள் பல. வேலைக்கு வரும் பெண்களில் பலர் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அவர்களுக்குக் கட்டில் போதாது. பிள்ளைகள், மாமியார், கிரைண்டர் எல்லாம் நுழைய வீடு வேண்டும்.

சம்பளத்தில் வாடகை போக மீதி என்ன என்று, திட்ட அறிக்கை எழுதும் அதிகாரி ஆம்பூரில் ஒரு மாதம் குடியிருந்து கணக்குப் போடட்டும். அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், வரமாட்டார்.