ஓடும் காரில் ஒரு பக்க மிருதங்கம்

சொந்த வீட்டில் குடும்பத் தலைவனுக்கு உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓர் இடம் கிடையாது. ஹாலில் டிவி. படுக்கையறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு. சமையலறையில் மிக்சி. மொட்டை மாடிக்குப் போனால் மேல்வீட்டு மாமியின் வடாமுக்குக் காக்காய் விரட்டும் பொறுப்பு வந்து சேரும். கச்சேரி கேட்கத்தான் கார் வாங்குகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. வங்கியில் நம்பினார்கள், தவணை ஒழுங்காக வந்தால் அவர்கள் எதையும் நம்புவார்கள்.

"உள்ளே உக்காந்து கதவைச் சாத்தினா, ஊசி விழுந்தா கேக்கும் சார்" என்றார் ஷோரூம் பையன். உண்மைதான். இன்ஜின் அணைந்து நிற்கும் வண்டியில் பஞ்சு விழுந்தாலும் கேட்கும். இதையே ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிக் காட்டு தம்பி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதவில்லை.

இன்ஜினும் டயரும் தார்ச்சாலையும் கூடி எழுப்பும் சத்தம் பெரும்பாலும் கீழ்ஸ்தாயி. வேகமாகப் போகும் காருக்குள் 65, 70 டெசிபல் சர்வ சாதாரணம். கனத்த சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு: தன் இனத்தைத்தான் முதலில் விழுங்கும். மிருதங்கத்தின் தொப்பியும் அந்த இனம்தான். ஆகவே என் காரில் மிருதங்கத்துக்கு ஒரே பக்கம். வலந்தலை மட்டும் 'நம் நம்' என்று கேட்கிறது. தொப்பி, குரோம்பேட்டை தாண்டுவதற்குள் டயருக்கடியில் போய்விடுகிறது. தொப்பி நாதத்துக்கே பேர்போன பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கும் இதே கதி. அவர் இடதுகைப் பழக்கக்காரர். தொப்பியை வலது கையால் வாசித்தவர். எந்தக் கை வாசித்தால் என்ன, டயருக்கு எல்லாம் ஒன்றுதான். தம்புராவோ அடியோடு காணோம். அந்த வேலையை ஏசி விசிறி எடுத்துக்கொண்டிருக்கிறது. விசிறியை இரண்டில் வைத்தால் ஏறக்குறைய நாலு கட்டை. பாடகர் பாடுவது ஒரு கட்டை.

சினிமாப் பாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் பதிவு செய்யும்போதே நெருக்கிப் பிடித்து, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். டீக்கடையிலும் கேட்கும், டவுன் பஸ்ஸிலும் கேட்கும். ஆலாபனை அப்படிப்பட்டதா? பல்லாவரத்தில் பாடகர் தோடியை மந்திர ஸ்தாயியில் முணுமுணுக்க ஆரம்பிக்கிறார். வால்யூமை 28-க்கு ஏற்றுகிறேன். மீனம்பாக்கத்தில் தலைக்குமேல் விமானம், 34. கத்திப்பாரா மேம்பாலத்தில் நான் ஏறவும் அவர் தார ஸ்தாயிக்கு ஏறவும் சரியாக இருக்கிறது, கண்ணாடி அதிர்கிறது, அவசரமாக 14. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வால்யூமில். ஆக, தாளம் போடக் கை மிச்சமில்லை.

தாளம் காலுக்குப் போயிற்று. நெரிசலில் நகரும் வண்டியில் வலது கால் இருக்கும் இடம் பிரேக்தான். மிஸ்ர சாபு கீர்த்தனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பைக்காரர் சிக்னலில் பக்கத்தில் வந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "சார், பிரேக் லைட் என்னமோ விட்டு விட்டு எரியுது. வயர் லூஸா இருக்கும், பாருங்க" என்றார். ஏழு எண்ணிக்கையை மூன்றும் நாலுமாகப் பிரித்துச் சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையே, நிரவல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மேப் அம்மணி வாயைத் திறப்பாள்: "300 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்." தினம் போகும் ஆபீஸுக்கு எதற்கு அப்பா மேப் என்று மகள் கேட்டாள். "டிராஃபிக் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கத்தான்." "தெரிஞ்சுக்கிட்டு?" "தெரிஞ்சுக்கிட்டு அதுலேயே போவேன்." அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அவள் வண்டியில் ஏறினால் ப்ளூடூத் என்னை விட்டுவிட்டு அவளுடைய போனைப் பிடித்துக்கொள்ளும். செம்மங்குடியின் வாயிலிருந்து குத்துப்பாட்டு கிளம்பும். காருக்குத் தவணை கட்டுவது யார் என்பது ப்ளூடூத்துக்குத் தெரிவதில்லை.

வண்டியைச் சந்தில் நிறுத்தும்போது மட்டும் நானே பாட்டை அணைத்துவிடுவேன். "ரிவர்ஸ் எடுக்கறது கண்ணாலதானே? காதை ஏங்க மூடறீங்க?" என்பது மனைவியின் கேள்வி. பதில் எனக்குத் தெரியும். கவனம் என்பது ஒரே சுருக்குப்பை. காதுக்கு எடுத்தால் கண்ணுக்குக் குறையும். தெரிந்தும் சொல்வதில்லை. சொன்னால், "அப்போ ஜி.எஸ்.டி. ரோட்டுல எதைக் குறைச்சுக்கிட்டு ஓட்டறீங்க?" என்று அடுத்த கேள்வி வரும்.

ஹாரனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சாலை என்னை மன்னிக்காது. பல சுரம் பாடும் ஹாரன்கள் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி இருக்கிறது. அது இருப்பது பின்னால் வரும் வெளியூர் பஸ்ஸுக்குத் தெரியாது. 2025 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஒரு யோசனை சொன்னார்: ஹாரன்களில் இனி புல்லாங்குழல், தபலா, வயலின், ஹார்மோனியம் என்று இந்திய இசைக்கருவிகளின் ஒலியே வரும்படி சட்டம் கொண்டுவரலாம் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் என் பாடு? உள்ளே ஒரு வயலின் பக்கவாத்தியம். வெளியே ஒரு வயலின் வழி கேட்கும். எதற்குத் தலையாட்டுவது, எதற்கு ஒதுங்குவது? ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி கமகத்துக்கு லாயக்கில்லாத கருவி என்று தள்ளிவைத்து, 1971-ல்தான் மறுபடி உள்ளே விட்டது. வானொலிக்குள் நுழைய முப்பது வருஷம் காத்திருந்த கருவி, மணல் லாரியில் ஏறி நேராக ஊர்வலம் வரப்போகிறது.

வீணையைக் காரில் போட்டுப் பார்த்தேன். வீணை ஓடுகிறது என்பதற்கு ஒரே அத்தாட்சி திரையில் நகரும் கோடுதான். பிறகு புத்தி வந்து நாதஸ்வரத்துக்கு மாறினேன். அடடா! தெருவுக்கென்றே பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் வேட்டுக்கும் கூட்டத்துக்கும் குதிரைக்கும் நடுவே மல்லாரி வாசித்துப் பழகியதற்கு ஜி.எஸ்.டி. சாலை எந்த மூலை? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு முன்னால் ஏசி விசிறி கைகட்டி நின்றது. தவிலுக்கோ டயர் வழிவிட்டது. ஆடி மாதத்தில் வேப்பமரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி நாலு தெருவுக்குக் கேட்கிறாரே, அதுவும் இதே சூட்சுமம்தான்: கீழ்ஸ்தாயியைச் சட்டை பண்ணாமல், காது எங்கே கூர்மையோ அங்கே போய்க் குத்துவது. நானும் பிரகாரம் சுற்றும் மெதுவில், ஜன்னலை இறக்கிவிட்டு, ரசித்துக்கொண்டே போனேன். கிண்டி சிக்னலில் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "எந்த மண்டபம் சார்? பொண்ணு வூடா, பையன் வூடா?" என்றார். பின் சீட்டில் இஸ்திரி போட வைத்திருந்த மனைவியின் பட்டுப்புடவையையும் அவர் பார்த்துவிட்டார். மறுக்க முடியவில்லை. பையன் வீடு என்றேன். வாழ்த்தினார்.

கார் சர்வீஸுக்குப் போகும் நாட்களில் மின்சார ரயில். அதற்காகவே இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். இந்த வித்தையின் முன்னோடி அமர் போஸ், கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன வங்காளி ஒருவரின் மகன். 1978-ல் விமானப் பயணத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டை இரைச்சல் அமுக்கியதைக் கண்டு, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாராம். வெளிச்சத்தத்துக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டுக் காலி செய்வதுதான் தந்திரம். ஒரே சீராக ரீங்கரிக்கும் இரைச்சலுக்கு இது எமன். ஏறி இறங்கும் மனிதக் குரலிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஃபிரிட்ஜின் உறுமல் அறவே மறைந்துவிடும், "கேஸ் புக் பண்ணீங்களா?" முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கும்.

இந்த விஷயத்தில் சோனி நிறுவனத்தின் அகியோ மொரிட்டாவுக்கு என்னைவிட உலக அனுபவம் அதிகம். வாக்மேனை வீட்டில் போட்டுப் பரிசோதித்தபோது மனைவி தன்னை ஒதுக்கிவிட்டதாக எரிச்சல்படுவதைப் பார்த்தார். 1979-ல் வெளிவந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருகத் துளை வைத்தார். பாட்டைத் தணித்துப் பக்கத்திலிருப்பவரோடு பேச ஒரு பொத்தானும் வைத்தார். நான் வாங்கியதில் ஒரு தலைக்குத்தான் இடம். வாங்கிய விலை வீட்டில் தெரிந்த அன்று அந்தப் பொத்தானின் அருமை தெரிந்தது.

ரயிலில் ஹெட்போன் ஜெயித்தது சக்கரச் சத்தத்தை மட்டும். பக்கத்து சீட்காரர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நொடிக்கு ஒரு சிரிப்பு, ஒரு கைத்தட்டல், ஒரு சாம்பார் செய்முறை. தோளில் ஸ்பீக்கர் பெட்டி தொங்க, பார்வையற்ற பாடகர் ஒருவர் பழவந்தாங்கலில் ஏறினார். கம்பியைப் பிடித்தபடி, ரயில் வளைவில் சாயும்போதும் சுருதி சாயாமல் பாடினார். மாம்பலத்தில் கூட்டம் முட்டிமோதி ஏறுவதற்குள் சரணத்தை முடித்து, சில்லறையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டியில் கால அளவு தெரிந்த ஒரே வித்வான் அவர்தான். ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டேன்.

மார்கழியில் சபாவுக்குப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காது என்று நினைப்பவர்கள் சபாவுக்குப் போகாதவர்கள். எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1920-ல் பாரிஸில், நாற்காலி மேஜைபோல அறையில் சும்மா கிடக்கவேண்டிய இசை என்று ஒன்றை இடைவேளையில் வாசிக்க வைத்தார். யாரும் கேட்கக்கூடாது, எல்லோரும் பேசவேண்டும், நடமாடவேண்டும் என்பது ஏற்பாடு. வாசிப்பு தொடங்கியதும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள் என்று மனிதர் ஓடி ஓடிக் கெஞ்சினார். பாவம், விலாசம் தப்பிவிட்டது. நம் ஊரில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு வந்திருந்தால் மனம் குளிர்ந்திருக்கும். காபி ஆறிவிடும் என்ற கவலையில் பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீனுக்கு நடக்கும். மீதிப் பாதி நடப்பவர்களுக்குக் கால் மடக்கி வழிவிடும்.

போன டிசம்பரில், தனிக்கு இன்னும் நேரமிருக்க, யாரும் எழாத அபூர்வமான ஒரு வேளை வாய்த்தது. எல்லாப் போன்களும் அடங்கியிருந்தன. மெயின் கீர்த்தனை. மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தது. தொப்பி நெஞ்சில் வந்து இறங்கியது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவில் ஒரு ஹாரன் வரவேண்டுமே, வரவில்லையே என்று காது காத்துக்கொண்டிருந்தது. வயலின் சட்டென்று மேலே போனபோது கை வால்யூமைத் தேடிப் பக்கத்து சீட் பெரியவரின் முழங்காலைத் திருகப் பார்த்தது. அவர் என் கையை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டு, கீழே குனிந்து என் வலது காலைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீங்க போடறது தாளமா, பிரேக்கா?"

"பிரேக்தான் சார். பழக்க தோஷம்."

"பரவாயில்லை, போடுங்கோ" என்றார். "எடுப்புல கரெக்டா விழறது."