டாங்கோவும் மீசையும்

கேள்வி: டாங்கோ நடனம் பயில ஆசை. முதல் நாளே ஒரு நங்கையின் கரம் பற்றும் பாக்கியம் கிட்டுமா?

பதில்: 1940-களில் புவெனஸ் ஐரிஸ் நகரத்து வாலிபராக நீர் இருந்திருப்பின், அந்தப் பாக்கியத்துக்கு முன்பாக, ஆடவர் மட்டுமே கூடும் பயிற்சிக் கூடத்தில், மீசை வைத்த ஏதோவொரு கனவான் செலுத்திய திசையிலெல்லாம் பின்னோக்கி அடியெடுத்து வைத்து, நாயகியின் பாகத்தையே மாதக்கணக்கில் அப்பியாசம் செய்திருப்பீர்! செலுத்தப்படுபவரின் சிரமத்தை அனுபவித்தவனுக்கே செலுத்தும் அதிகாரம் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். விவாகத்துக்கும் இதை விதிக்கலாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. முதல் நாளே போய்ச் சேரும். ரப்பர் அடி வைத்த பாதரட்சை மட்டும் வேண்டாம்: உடல் திரும்புகையில் அது தரையை விடாது, முழங்கால் பிசகிவிடும். தோல் அடியே உத்தமம்.