பியரா, நெக்டோவா?

கேள்வி: கண்டி சூப்பர் மார்க்கெட்டில் 17 வயதுப் பையன் பியர் டின்னை ஸ்கூல் பைக்குள் ஒளித்துப் பிடிபட்டால், 21 வயதுச் சட்டம்தானே பாயும்?

பதில்: பாயாது. இலங்கையின் 2006-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பவரைத்தான் பிடிக்கிறது. இங்கே விற்பனையே நடக்கவில்லையே! பையன் மீது வருவது தண்டனைச் சட்டக்கோவையின் களவுக் குற்றம். 367-ஆவது பிரிவில் உச்சம் 3 ஆண்டுச் சிறை. டின்னுக்குள் பியரா, நெக்டோ சோடாவா என்று அந்தப் பிரிவு முகர்ந்து பார்ப்பதில்லை. 'சின்னப் பையன்தானே' என்பீர்கள். குற்றப்பொறுப்பு வயது 2018-இல் 8-இலிருந்து 12 ஆனது. 17 அதைத் தாண்டிவிட்டது. சிறைதான் என்றும் பயப்பட வேண்டாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதே டின்னைக் கடைக்காரர் காசு வாங்கிக் கொடுத்திருந்தால், கூண்டில் ஏறுபவர் கடைக்காரர்.